‘ஹேண்ட்’ என்றால் கை மட்டும்தானா? ஆங்கில ஆவணங்களுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தமிழ்வழியில் படித்துவிட்டு, எல்லாக் கடிதங்களும் ஆங்கிலத்தில் வரும் வேலைக்குள் நுழைபவர்களைத் தடுமாற வைப்பவை பெரும்பாலும் கடினமான சொற்கள் அல்ல. தெரியாத சொல்லை எப்படியும் அகராதியில் தேடிவிடுவோம். தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்துபோகும் சின்னச் சொற்கள்தாம் பிறகு பணத்திலும் நேரத்திலும் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. அவற்றுள் ‘ஹேண்ட்’ முதல் வரிசையில் நிற்கிறது. வேலை ஒப்புதல் கடிதம், வங்கித் தேர்வு விண்ணப்பம், பழைய வண்டி விற்பனை, விமானப் பயணம் என ஒவ்வோர் இடத்திலும் இச்சொல் எனக்கு வேறு பொருளில் எதிர்ப்பட்டது. கேட்டுத் தெளிய ஆளில்லாமல் தேடித் தேடித்தான் புரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன். கையெழுத்தும் பணமும் சம்பந்தப்பட்ட பயன்பாடுகளை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் தருகிறேன்.

1. சொல்லைத் தேடாதீர்கள், சொற்றொடரைத் தேடுங்கள்

அகராதியில் ‘ஹேண்ட்’ என்று மட்டும் தேடினால் முதலில் வருவது மணிக்கட்டுக்குக் கீழுள்ள உறுப்பு. அடுத்து கடிகார முள், சீட்டாட்டத்தில் ஒருவருக்கு விழுந்த சீட்டுகள், வேலையாள், கையெழுத்து எனப் பட்டியல் நீளும். இவற்றில் எது உங்கள் கடிதத்தில் இருக்கிறது என்பதை முன்னும் பின்னும் நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது. ‘இன் ஹேண்ட்’ என்றால் கையிருப்பில் உள்ளது அல்லது கவனிப்பில் உள்ள வேலை; ‘ஆன் ஹேண்ட்’ என்றால் உடனே கிடைக்கக்கூடிய சரக்கு அல்லது உதவிக்குத் தயாராக நிற்கும் ஆள்; ‘அட் ஹேண்ட்’ என்றால் அருகில் இருப்பது, விரைவில் வரவிருப்பது.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டும் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளை இணையத்தில் கட்டணமின்றித் தருகின்றன. அவற்றில் பெயர்ச்சொல் பகுதியோடு நின்றுவிடாமல், மரபுத்தொடர்கள் என்ற பகுதி வரை இறங்கிச் செல்லுங்கள். வினையாக வரும்போது ‘ஹேண்ட் இன்’ என்பது ஒப்படைத்தல், ‘ஹேண்ட் அவுட்’ என்பது பலருக்கு வழங்குதல், ‘ஹேண்ட் ஓவர்’ என்பது பொறுப்பையோ பொருளையோ மாற்றிக் கொடுத்தல். ‘ஹேண்ட் இன் யுவர் நோட்டீஸ்’ என்று யாராவது சொன்னால் அறிவிப்புப் பலகைக்குத் தாள் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தைத்தான் சொல்கிறார்கள்.

2. ‘இன் ஹேண்ட்’ சம்பளம்: ஒப்புக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள்

இந்தியாவில் நேர்காணலின்போது ‘இன் ஹேண்ட் எவ்வளவு’ என்று கேட்டால், பிடித்தங்கள் போக மாதந்தோறும் வங்கிக் கணக்கில் விழும் தொகை என்று பொருள். இது இந்திய அலுவலகப் பேச்சுவழக்கு. கடிதங்களில் இதே தொகையை ‘டேக் ஹோம்’ அல்லது ‘நெட் பே’ என்று எழுதுவார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘சிடிசி’ என்ற தொகையோ நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், முதல் சம்பளத்தை நம்பி வாடகை வீடு பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சிடிசி என்றால் மாதக் கணக்கில் 40,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். நிறுவனத்தின் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், அதாவது 2,400 ரூபாய். பணிக்கொடைக்காக (‘கிராஜுவிட்டி’) ஒதுக்கிக் காட்டும் 4.81 சதவீதம், அதாவது 962 ரூபாய். இவை இரண்டும் சிடிசிக்குள் இருந்தாலும் உங்கள் கைக்கு மாதாமாதம் வராது. மீதி 36,638 ரூபாய். அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி 2,400 ரூபாய் கழியும். தமிழ்நாட்டில் தொழில்வரியை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. ஓராண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அது போக முடியாது. அதை மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 208 ரூபாய். ஆக, கையில் வருவது ஏறத்தாழ 34,030 ரூபாய்.

இதற்குள் ‘வேரியபிள் பே’ என்ற வரி இருந்தால் கணக்கு மேலும் மாறும். மேலே சொன்ன 4,80,000 ரூபாயில் 48,000 ரூபாய் ஆண்டு இறுதியில் செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் தொகை என்றால், அடிப்படைச் சம்பளம் மாறாதிருந்தாலும் மாதம் கைக்கு வருவது 30,030 ரூபாயாக இறங்கிவிடும். வருமான வரி இந்த அளவில் கவலையில்லை; 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறைப்படி, நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து 12,75,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு வரி இல்லை.

ஒப்புதல் கடிதத்தோடு சம்பளப் பிரிப்பு விவர இணைப்பையும் கேட்டு வாங்குங்கள். வைப்பு நிதியை உண்மையான அடிப்படைச் சம்பளத்தின் மீது பிடிப்பார்களா, அல்லது 15,000 ரூபாய் உச்சவரம்பைக் கொண்டு 1,800 ரூபாய் மட்டும் பிடிப்பார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். மொத்த ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐக்காக உங்கள் பங்கு 0.75 சதவீதம் கழியும். இவற்றையெல்லாம் கேட்பதற்கு ஏற்ற காலம் கடிதம் கைக்கு வந்ததற்கும் நீங்கள் சம்மதம் தெரிவிப்பதற்கும் இடைப்பட்ட சில நாள்கள்தாம். வேலையில் சேர்ந்த பின் கேட்டால் மரியாதையான புன்னகை மட்டுமே பதிலாகக் கிடைக்கும்.

3. பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள்: அதே சொல், வேறு விளைவு

இந்தியாவில் கேட்டுப் பழகிய ‘இன் ஹேண்ட்’ பிரிட்டனில் பொருள் மாறிவிடுகிறது. கடையிலோ உணவகத்திலோ கிடங்கிலோ பகுதிநேர வேலைக்குச் சேரும்போது ‘எ வீக் இன் ஹேண்ட்’ என்று மேலாளர் சொன்னால், உங்கள் சம்பளம் ஒரு வாரம் பின்தங்கி வரும் என்று பொருள். முதல் வாரம் செய்த வேலைக்கு இரண்டாம் வாரக் கடைசியில்தான் பணம் வரும். நிலுவையாக நிற்கும் அந்த ஒரு வாரத்துப் பணம் வேலையை விடும்போது உங்களுக்கு வந்து சேரும். சில இடங்களில் ஒரு மாதமே இப்படி நிற்கும். ஆகவே முதல் சம்பளத் தேதியையும், அன்று எந்த நாள்கள் வரையிலான வேலைக்குப் பணம் வரும் என்பதையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதுவரைக்கும் உணவுக்கும் வாடகைக்கும் ஊரிலிருந்தே பணம் கொண்டு செல்லுங்கள்.

‘கேஷ் இன் ஹேண்ட்’ என்பது இன்னும் எச்சரிக்கை தேவைப்படும் சொல். நம் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் அது வெறும் ரொக்கக் கையிருப்பு. பிரிட்டனில் வேலை தருபவர் அதைச் சொன்னால், வரி பிடிக்காமல், சம்பளச் சீட்டு தராமல், கையில் நோட்டாகக் கொடுப்பேன் என்றே பெரும்பாலும் பொருள்படும். ரொக்கமாகச் சம்பளம் தருவது அங்கே குற்றமல்ல; வரித்துறைக்கு மறைப்பதுதான் குற்றம். சம்பளச் சீட்டு பெறுவது தொழிலாளியின் சட்ட உரிமை. பட்டப்படிப்பு நிலையில் மாணவர் விசாவில் இருப்பவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம் என்பதால், கணக்கில் வராத மணிநேரங்கள் முதலில் ஆபத்தில் தள்ளுவது முதலாளியை அல்ல, உங்கள் விசாவைத்தான். சம்பளத்தில் வரியும் காப்பீடும் பிடிக்க அங்கே பயன்படும் தேசியக் காப்பீட்டு எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. அதை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

4. வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்து, கைப்பட எழுதுதல், கைரேகை

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது மூன்று இடங்களில் கை வேலை இருக்கிறது, மூன்றும் வெவ்வேறானவை. முதலாவது, கையொப்பம். இரண்டாவது, ‘லெஃப்ட் ஹேண்ட் தம்ப் இம்ப்ரெஷன்’ எனப்படும் இடது பெருவிரல் ரேகை. மூன்றாவது, ‘ஹேண்ட்ரிட்டன் டிக்ளரேஷன்’, அதாவது அறிவிக்கையில் தரப்பட்டிருக்கும் உறுதிமொழி வாசகத்தை விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுதித் தருவது.

இந்த மூன்றாவதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். வாசகத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் செல்லாது. எல்லா எழுத்துகளையும் பெரிய எழுத்தாக எழுதக் கூடாது. அழகான கையெழுத்து உள்ள தங்கையையோ நண்பரையோ எழுதச் சொல்லக் கூடாது. இங்கே ‘ஹேண்ட்’ என்பது உங்களுடைய கையெழுத்தை மட்டுமே குறிக்கும். கணினியில் தட்டச்சு செய்து ஒட்டுவதும் ஏற்கப்படாது. கையொப்பத்தையும் பெரிய எழுத்துகளில் போடக் கூடாது.

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையொப்பமும் உறுதிமொழியும், கறுப்பு அல்லது நீல மையால் ரேகையும் வைத்து, தனித்தனிப் படங்களாக ஸ்கேன் செய்யுங்கள். கையொப்பம் 10 முதல் 20 கேபி, ரேகை 20 முதல் 50 கேபி, உறுதிமொழி 50 முதல் 100 கேபி என்பது வழக்கமான அளவு. ஒவ்வோர் ஆண்டு அறிவிக்கையிலும் இதை ஒருமுறை சரிபாருங்கள். இடது பெருவிரல் இல்லாதவர் வலது பெருவிரல் ரேகையை வைக்கலாம். எழுத்தர், அதிகாரி தேர்வுகளுக்குப் பொதுப்பிரிவினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 850 ரூபாயும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 175 ரூபாயும் கட்டணமாக இருந்துவருகிறது. படங்களைப் பதிவேற்றும் முன் பிரவுசிங் சென்டர்க்காரரிடம் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். கையொப்ப இடத்தில் ரேகையும் ரேகை இடத்தில் கையொப்பமும் ஏறிவிடுவது சாதாரணமாக நடக்கிறது; விண்ணப்பம் தள்ளுபடியானால் இழப்பு அவருக்கல்ல.

5. ‘அண்டர் மை ஹேண்ட்’: இங்கே கை என்றால் கையொப்பம்

நீதிமன்ற அழைப்பாணையின் கடைசியில் ‘கிவன் அண்டர் மை ஹேண்ட் அண்ட் த சீல் ஆஃப் த கோர்ட்’ என்று இருக்கும். என் கையொப்பத்தோடும் நீதிமன்ற முத்திரையோடும் தரப்பட்டது என்பதே அதன் பொருள். சொத்துப் பத்திரங்களில் தரப்பினர் ‘தங்கள் கைகளை வைத்தார்கள்’ என்ற அமைப்பில் ஆங்கில வாசகம் வந்தால் அதுவும் கையொப்பம் இட்டதையே குறிக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகையும் புகைப்படமும் எடுப்பது பதிவுச் சட்டத்தின் தனித் தேவை. மேற்சொன்ன வாசகத்தால் வந்ததல்ல. இந்த வாசகத்துக்கு மேலே தொகையோ தேதியோ எழுதப்படாமல் இருந்தால் எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் கையொப்பமிட வேண்டாம்.

6. ‘பை ஹேண்ட்’ கடிதங்கள்

உறையின் மேல் ‘பை ஹேண்ட்’ என்று இருந்தால் தபாலில் அனுப்பாமல் நேரில் சேர்ப்பித்தது. நீங்கள் அப்படி ஒரு மனுவைக் கொண்டுபோகும்போது இரண்டு படிகள் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றவரின் கையொப்பம், தேதி, அலுவலக முத்திரை ஆகிய மூன்றையும் வாங்குங்கள். அரசு அலுவலகங்களில் இதற்கென்றே தபால் பிரிவு இருக்கும். சம்பந்தப்பட்ட அலுவலரின் மேசையில் வைத்துவிட்டு வந்தால் பிறகு கொடுத்ததற்கே சான்று இருக்காது. பிற்பகல் உணவு இடைவேளைக்கு முன்னதாகப் போவது நல்லது.

7. ‘செகண்ட் ஹேண்ட்’ வண்டி: விளம்பரத்தையும் ஆர்சியையும் ஒப்பிடுங்கள்

ஒருவர் பயன்படுத்தி விற்கும் பொருள் ‘செகண்ட் ஹேண்ட்’ என்பது எல்லாரும் அறிந்ததே. நம் ஊர் விளம்பரங்களில் ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட் கார்’ என்று எழுதினால் முதல் உரிமையாளரே விற்கிறார் என்று கொள்கிறோம். பொது ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட்’ என்பது நேரில் கண்டோ அனுபவித்தோ அறிந்ததைக் குறிக்கும்; வெளிநாட்டுக்காரரிடம் வண்டியைப் பற்றி இப்படிச் சொன்னால் விழிப்பார். விளம்பரச் சொல்லை நம்பாமல், எத்தனையாவது உரிமையாளர் என்ற எண்ணை ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றில் பாருங்கள்.

உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற, விற்பவர் கையொப்பமிட்ட படிவம் 29, இருவரும் கையொப்பமிட்ட படிவம் 30, அசல் ஆர்சி, நடப்பிலுள்ள காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள் ஆகியவை வேண்டும். வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால் நிதி நிறுவனத்தின் படிவம் 35-உடன் தடையின்மைச் சான்றும் வேண்டும். வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28-உம் சேரும். பணம் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, நிலுவை அபராதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் (வேறு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு 45 நாள்கள்), வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிட்டாலும், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. இழப்பீடு கோராமல் இருந்ததற்காக விற்றவர் சேர்த்துவைத்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ சலுகை அவருடனேயே போய்விடும். அதை உங்களுக்கும் சேர்த்து விற்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

8. ‘ஹேண்ட் பேக்கேஜ்’

விமானத்தில் உங்களோடு உள்ளே எடுத்துச் செல்லும் பை. உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் பொதுவாக ஒரு பை, 7 கிலோ. பவர் பேங்க் இதில்தான் இருக்க வேண்டும். எடை போட்டு அனுப்பும் பெட்டியில் வைத்தால் திறந்து எடுக்கச் சொல்வார்கள். வெளிநாட்டுப் பயணமென்றால் திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும். அம்மா கொடுத்தனுப்பும் நல்லெண்ணெயும் திரவம்தான்.

9. வேலை விளம்பரங்களிலும் அலுவலகப் பேச்சிலும் வருபவை

‘ஹேண்ட்ஸ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ கேட்டால் செயல்முறை அனுபவம் வேண்டும். சான்றிதழ் மட்டும் போதாது. ‘ஷார்ட்ஹேண்ட்’ என்பது சுருக்கெழுத்து. ‘ஷார்ட் ஹேண்டட்’ என்பது ஆள் பற்றாக்குறை. எழுத்துவடிவில் இரண்டும் நெருங்கியவை என்பதால் சுருக்கெழுத்துத் தேர்ச்சி இல்லையென்று ஒதுங்கிவிடாமல் முழு வரியையும் படியுங்கள். ‘ஓல்டு ஹேண்ட்’ என்றால் வயதானவர் என்றில்லை, அந்த வேலையில் ஊறியவர். ‘ஆல் ஹேண்ட்ஸ்’ கூட்டத்துக்கு எல்லாரும் வர வேண்டும். கப்பலின் பணியாளர் அனைவரையும் அழைக்கும் வழக்கிலிருந்து வந்த சொல் அது. ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ இரு பொருள் கொண்டது: நிலைமை அப்படிப் போயிற்று என்றால் கட்டுக்கடங்காமல் போயிற்று; கோரிக்கையை அப்படி மறுத்தார்கள் என்றால் பரிசீலிக்காமலே மறுத்தார்கள். பதில் கடிதத்தில் இரண்டாவது வந்தால், புதிய காரணங்களோடு மறுபடி எழுத இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

10. ‘ஹேண்ட் ஓவர்’: வேலையை விடும்போது

பொறுப்பு ஒப்படைப்பு என்பது உங்கள் மேசையை ஒழித்துத் தருவதோடு முடிவதில்லை. நடந்துகொண்டிருக்கும் பணிகள், கோப்புகள் இருக்கும் இடம், கடவுச்சொற்கள், திருப்பித் தந்த மடிக்கணினியின் எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பொறுப்பேற்பவரின் கையொப்பத்தை வாங்கி ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். பணிவிடுவிப்புக் கடிதத்தை நிறுத்திவைக்க இந்த ஒப்படைப்பையே காரணமாகக் காட்டும் அலுவலகங்கள் உண்டு. அறிவிப்புக் காலம் முடிவதற்கு இரண்டு வாரங்கள் முன்பே யாரிடம் ஒப்படைப்பது என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாள்களுக்குள் தர வேண்டும். பணிக்கொடை இதில் சேராது. அதற்குத் தகுதி பெற நிரந்தர ஊழியர் பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். கொடுப்பதற்கு 30 நாள்கள் அவகாசம் உண்டு.

11. ‘ஹேண்ட் லோன்’

கைமாற்றுக்கு நாம் வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர் இது. இந்திய வங்கியில் புரியும். லண்டன் வங்கியில் புரியாது, அங்கே நண்பரிடமோ உறவினரிடமோ வாங்கிய தனிப்பட்ட கடன் என்று விளக்கி எழுதுங்கள். உறவுக்குள் கொடுத்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே அனுப்புங்கள். கேட்டவுடன் திருப்பித் தருவதாகப் புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தால், எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இடையில் ஒரு பகுதித் தொகை வந்தால், புரோநோட்டின் பின்புறத்தில் தொகையையும் தேதியையும் கடன் பெற்றவரையே கைப்பட எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். 3 ஆண்டுகள் முடிவதற்குள் அப்படி எழுதி வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதிதாகத் தொடங்கும்.